மூக்கைப் பிடித்த கை

அஸர் தொழுகையின் மூன்றாம் ரக்அத்தில், சத்தமில்லாமல் காற்றுப் பிரிந்து, இமாம் கமாலுத்தீனுக்கு, கைகால் முகம் கழுவிச் செய்திருந்த ஒளு முறிந்துபோனது. ஒளு முறிந்தால் தொழுகையும் செல்லாது. அப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று போன மாதம் ஜமாஅத்துக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகி, பின்னால் நிற்பவரைத் தன் இடத்தில் நிறுத்த வேண்டும். மூக்கில் ரத்தம் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள், மானம் போகாது. மார்க்கம் அவ்வளவு இரக்கத்தோடு வழி வைத்திருந்தும் அவருடைய கட்டிய கைகள் பிரியவில்லை. பின்னால் நின்ற நாற்பது பேருக்கும் அப்படியே தொழவைத்து, ஸலாம் கொடுத்து முடித்துவிட்டார்.

தொழுகைக்குப் பின் வழக்கமான பாடம். நபிமார்கள் பாவமே செய்யாதவர்கள், அல்லாஹ் அவர்களைக் காத்துவைத்திருந்தான் என்று இன்றைய பக்கத்தில் இருந்தது. அதை உரக்க வாசித்து முடித்தார்.

முன்வரிசையிலிருந்து மைதீன் பிச்சை கேட்டார். "பாவமே செய்யாதவங்க எதுக்கு ஹஜ்ரத் தெனமும் பாவமன்னிப்பு கேட்டாங்க?"

"நமக்குச் செஞ்சு காட்டத்தான் பாய்."

சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினார். எல்லோரும் எழுந்தார்கள்.

"யாரும் போயிராதீங்க, கொஞ்சம் உக்காருங்க," என்றவருடைய கை, அடுத்த சொல் வருமுன் தானாகப் போய் மூக்கைப் பிடித்துக்கொண்டது.

"ரத்தமா ஹஜ்ரத்?" மைதீன் பிச்சை பதறிப்போய்த் தன் வெள்ளைக் கைக்குட்டையை நீட்டினார்.

இமாம் அதை வாங்கி மூக்கில் வைத்து அழுத்தினார். நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கையை இறக்கி, கறையே படாத அந்தத் துணியை எல்லோருக்கும் தெரியும்படி மடியில் விரித்துவைத்தார்.