கீனாவின் விலாவில் பல்வரிகள்

ஃபுளோரிடா கடற்பூங்காவின் பின்பக்கக் குளத்தருகே அன்று காலை இருந்தவர்கள்: பயிற்சியாளர் லோர்னா, விலங்கு மருத்துவர் ஹோலிஸ். தண்ணீருக்குள் கீனா என்ற ஓர்கா திமிங்கலம். பதினோரு வருடங்களாக அங்கே வேறு ஓர்கா கிடையாது.

கீனாவின் விலாவில் புதிதாக ஆறு கீறல்கள், வெள்ளைக் கொழுப்பு தெரியும் ஆழத்துக்கு. ஓர்காக்கள் ஒன்றையொன்று பல்லால் கிழித்தால்தான் இப்படி வரிவரியாக விழும். ஐந்து நாளாகத் தினமும் விழுகிறது.

“சுவத்துல உரசியிருக்கும்,” என்றார் ஹோலிஸ்.

“சுவத்துக்குப் பல்லு முளைச்சிருக்கா டாக்டர்?”

“அப்ப நீதான் கடிச்சிருக்கணும். டயட்ல இருக்கியே, பசி தாங்கலயா?”

“வெளையாடாதீங்க. இதுக்கு மேல ஒரு கடி வாங்கினா செத்துடுவா.”

அவள் சொல்லி முடிக்குமுன் கீனாவின் மூன்று டன் உடம்பு பக்கவாட்டில் தூக்கி வீசப்பட்டுச் சுவரில் மோதியது. வாலோரம் சதை பிய்ந்து தொங்கியது. சிவந்த தண்ணீரில் வேறு எதுவும் தென்படவில்லை.

“சின்னக் குளத்துக்குக் கூப்பிடு! உள்ள வந்ததும் கதவைச் சாத்திடறேன்!” ஹோலிஸ் இரண்டு குளங்களுக்கும் நடுவிலிருந்த இரும்புக் கதவை நோக்கி ஓடினார்.

லோர்னா சின்னக் குளத்தின் விளிம்புக்கு ஓடி விசில் ஊதினாள். கீனா உள்ளே பாய்ந்ததும் சின்னக் குளத்துத் தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்து அவள் முழங்காலை நனைத்தது. கீனா மூலையில் போய் ஒடுங்கி நின்றது. அப்போது தண்ணீர் இன்னொரு முறை, அதே அளவுக்கு, ஏறி வழிந்தது.

“சாத்தாதீங்க டாக்டர்! சாத்தாதீங்க!”

ஹோலிஸ் அதற்குள் கீனாவுக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டிவிட்டார்.