சிறுத்தை கொண்டுபோன போர்வை

நக்கிள்ஸ் மலைக்கு மூன்று மோட்டார் சைக்கிளில் போனோம். எங்கள் ஊர் கற்பிட்டிக்குத் திரும்பும்போது இரண்டுதான் இருந்தன. பின்னால் வந்த மீராசாஹிபைப் பனிமூட்டத்துக்குள் காணவில்லை. அவனுடைய போனும் வேலை செய்யவில்லை. தேடிப் போக எனக்கும் ஜௌபருக்கும் பயம். மலையடியில் படுத்துக் கிடந்துவிட்டு, விடிந்ததும் வந்துவிட்டோம்.

இதை அவன் மனைவி பஸீனாவிடம் அப்படியே சொல்ல முடியுமா?

"தங்கச்சி, வளைவில ஒரு சிறுத்தை குறுக்க நிண்டிச்சு," என்று தொடங்கினேன்.

"யா அல்லாஹ்! பெரிசா, நானா?" அண்ணன் முறைவைத்து எங்களை 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

"மாட்டுக் கண்டுக்குட்டியளவு. நான் பைக்கில கட்டியிருந்த போர்வைய அவிழ்த்து அதுட தலையில போட்டன். போர்வையோட காட்டுக்குள்ள பாஞ்சிட்டுது."

"ஜௌபர் நானா என்ன செஞ்சீங்க?"

"நான்... ஹோர்ன் அடிச்சன்," என்றான் ஜௌபர்.

"அந்தக் கலவரத்திலதான் மீராசாஹிப் எங்கயோ மாறிப் போயிட்டான். ராவு முழுக்கத் தேடினோம்," என்று முடித்தேன்.

பஸீனா அழவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தாள். தட்டில் மூன்று கோப்பைகள். அவள் எங்களோடு இருந்து குடிக்கிறவளல்ல.

மூன்றாவது கோப்பையை மீராசாஹிப் அறைக்குள்ளிருந்து வந்து எடுத்தான். எங்களைக் காணாமல், மரக்கறி லொறியொன்றில் பைக்கோடு ஏறி எங்களுக்கு முன்னமே வந்துவிட்டானாம். கக்கத்தில் இருந்த என் போர்வையை என் மடியில் வைத்தான்.

"சிறுத்தை குடுத்து விட்டிச்சு."

"நீ ஏன்டா பின்தங்கினாய்?" என்று ஜௌபர் முனகினான்.

"இது இவன்ட பைக்கில இருந்து விழுந்திச்சு. ராவைக்கு இவனுக்குக் குளிருமே எண்டு எடுக்க நிண்டன்."

கற்பிட்டி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தப் போர்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது.