ரெண்டாவது கோடு

“ஒரு கோடுதான் விழுந்ததுன்னு எழுதும்மா!” மேனேஜர் மேஜையில் ஓங்கித் தட்டினார்.

“ரெண்டு கோடு விழுந்திருக்கு சார். நீங்களே கண்ணால பாருங்க.”

லேப்காரி பரிசோதனைப் பட்டையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். ஐஸ்கிரீமில் நோய்க்கிருமி இல்லையென்றால் அதில் ஒரு கோடு விழும். இருந்தால் இரண்டு. இப்போது விழுந்திருந்தது இரண்டு, அதுவும் பளிச்சென்று.

“ரெண்டு கோட்டைப் பாத்து சந்தோஷப்படற இடம் வேறம்மா. இங்க அது வரவே கூடாது. வண்டி கிளம்பற நேரத்துல குறுக்க விழறியே, ஆர்டர் குடுத்த ஸ்கூலுக்கு யாரு பதில் சொல்றது?”

“ஸ்கூலுக்குப் போறதாலதான் சார் சொல்றேன். நானூறு பிள்ளைங்க சாப்பிடப் போகுது. ஏதாவது ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?”

“ஒண்ணும் ஆகாது. உன் பட்டை பொய் சொல்லுது!”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய சோதனைக்கு நாள்கணக்கில் காத்திருக்க முடியாது என்று இந்தப் பட்டையை வாங்கிப் போட்டதே இவர்தான். ‘இல்லை’ என்று சொன்ன நாளெல்லாம் அது தங்கம். ‘இருக்கு’ என்று சொன்ன அன்றைக்குத் தகரமா?

“ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டேன் சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“போடாதே. நாளையிலேருந்து வேலைக்கும் வராதே!”

லாரியில் சரக்கு ஏற்றும் இடத்துக்கு அறிவிப்புச் சொல்லும் மைக் மேஜையில் இருந்தது. வெடுக்கென்று இழுத்துப் பொத்தானை அமுக்கினார்.

“ரிசல்ட் வந்தாச்சு. சரக்கு சுத்தம். வண்டியை எடுங்க!”

இந்த ஆளும் ஒரு பிள்ளையைப் பெற்றவர்தானே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கிளம்பத் திரும்பியவர் சட்டென்று நின்றார்.

“ஏம்மா, இது முந்தாநாள் போட்ட சரக்கா?”

“ஆமா சார்.”

“சாக்லேட்டா?”

“சாக்லேட்தான்.”

அவர் முகம் வெளிறிப்போனது. அவசரமாக செல்போனை எடுத்தார். அப்பாடா, வண்டியை நிறுத்தத்தான் போகிறார் என்று அவளுக்கு உயிர் வந்தது.

“ஏய், நேத்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்த ஐஸ்கிரீம் டப்பாவைத் தொட்டுடாதீங்க!” போனில் கத்தினார். “பாப்பா சாப்பிட்டாளா? இல்லையே? நல்லவேளை. குப்பையில கொட்டு. அழுதா அழட்டும். நாய்க்குக்கூட வச்சுடாதே!”

போனைப் பைக்குள் போட்டுவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். லேப்காரி அவரைப் பார்க்கவில்லை. மைக்கில் இன்னும் அணையாமல் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு படாரென்று திறந்தது. லாரி டிரைவர். அவருக்குப் பின்னால் சரக்கு ஏற்றுகிறவர்கள் அத்தனை பேரும்.

டிரைவர் வண்டிச் சாவியை மேஜையில் வீசினார்.

“நாய்க்குக்கூட வைக்கக் கூடாதுன்னீங்களே சார், அதையா நானூறு பிள்ளைங்களுக்கு எடுத்துட்டுப் போகச் சொன்னீங்க?”