ஒரு வரி விடாமல்

மாணவி முக்காலியில் கேமராவைப் பொருத்தினாள். வரலாற்றுப் பாடத்துக்காக, இறந்துபோன ராப் பாடகன் ஒருவனைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறாள்.

"அவர் பாடினதுல ஒரு பதிவுகூட மிஞ்சல சார். பக்கத்து வீட்டுல இருக்கிற உங்களைக் கேக்கச் சொல்லி அவங்க அம்மாதான் அனுப்பினாங்க."

ஓய்வுபெற்ற தட்டச்சர் தயங்கி, காகிதக் கோப்பு ஒன்றை நீட்டினார். நடுவில் பிரித்தாள். நாற்பத்தோரு பாட்டு, தேதியோடு, சுத்தமாகத் தட்டச்சு செய்திருந்தார்.

"புதையல் சார் இது! எப்படி?"

"சுவத்துல காதை வெச்சுக் கேட்டு அடிச்சேம்மா."

"இவ்வளவு பெரிய ரசிகரா நீங்க! அவருக்குத் தெரியுமா?"

"கோர்ட்ல படிச்சப்பதான் தெரிஞ்சுது."

அவள் முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். 'பெறுநர்: காவல் ஆய்வாளர். பொருள்: பகலில் தாங்க முடியாத சத்தம்.'

"மத்தியானத் தூக்கம் கெடுதேன்னுதான் எழுதினேன். ஆதாரத்துக்குப் பாட்டையும் சேர்த்தேன். போலீஸ்காரங்க சத்தத்தை விட்டுட்டு, அரசாங்கத்தைத் திட்டுதுன்னு பாட்டு வரியைப் பிடிச்சுக்கிட்டாங்க. பாவி, ஜெயில்லயே போய்ச் சேர்ந்துட்டான்."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தம்மா என்னைப் பத்தி வேற எதுவும் சொல்லலையா?"

"சொன்னாங்க சார். 'என் பையனை ஒரு வரி விடாம கேட்டது அவர் ஒருத்தர்தான்'னு."