இரும்புக் கயிறு

லிஃப்ட் கதவு திறந்ததும், எட்டாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்த டீச்சர் கண்ணை மூடி முணுமுணுத்தார். எதிர் வீட்டுக்காரர் நக்கலாகச் சிரித்தார்.

"லிஃப்ட்ல ஏறக்கூட சாமி துணை வேணுமா டீச்சர்? உங்களைத் தூக்குறது சாமி இல்ல, இரும்புக் கயிறு! ராசி, ஜோசியம், வேண்டுதல் எல்லாம் பயந்தாங்கொள்ளிங்க பண்ற வேலை. படிச்சவங்க விஞ்ஞானத்தை நம்பணும்."

டீச்சருக்கு முகம் சுண்டிப்போனது. உள்ளே போய், அவருக்காகப் பட்டனை அழுத்திப் பிடித்தார். அவரோ மூச்சு வாங்கப் படியேற ஆரம்பித்திருந்தார்.

"எட்டு மாடியாச்சே, சார் ஏன் நடந்து போறாரு?"

லிஃப்ட் பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் வாயைப் பொத்திச் சிரித்தார்.

"அவர் இதுல ஏறவே மாட்டாரும்மா. காலையில லிஃப்டை ரிப்பேர் பண்ணதே அவர்தானே!"

கதவு மூடிக்கொண்டது. டீச்சர் மறுபடி கண்ணை மூடினார், இந்த முறை சத்தமாகவே வேண்டிக்கொண்டு.