மேல்செட்டு

"பல்செட்டு வாய்க்குள்ள கெடந்து குலுங்குது டாக்டரம்மா. குரங்கணிக்குப் போற ஜீப்பே தேவல" என்றார் சுருளிவேல்.

போடியில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் அனுசியா, அதைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். தான் செய்த செட்டுதான். ஆளைத்தான் நினைவில்லை.

"ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டு வைக்கிறீங்களா?"

"சொம்புல போட்டுத்தான் வைக்கிறேன்."

"சுடுதண்ணி ஊத்துனீங்களா?"

"மொதத் தடவ மட்டும் கொதிக்கக் கொதிக்க ஊத்துனேன். மனசு கேக்கல."

"அதான் வளைஞ்சு போச்சு. எப்பச் செஞ்சது?"

"கம்ப்யூட்டர்ல பாருங்க. ராசிங்காபுரம் முத்துக்கண்ணன்னு இருக்கும்."

டாக்டர் தேடினார். "இருக்கு. ஆனா வயசு எம்பத்தொண்ணுன்னு போட்டிருக்கே?"

"அது எங்கப்பா. போன மாசம் தவறிட்டாரு."

டாக்டர் செட்டைத் தட்டில் வைத்தார். எழுந்துபோய் இரண்டு தடவை கை கழுவிவிட்டு வந்தார்.

"அவரு சட்ட எனக்குச் சரியா இருக்கு, செருப்பு சரியா இருக்கு. இது மட்டுந்தான் லூசு. கொஞ்சம் இறுக்கிக் குடுங்க."

"அவருக்கு மேலயும் கீழயும் சேத்துல்ல செஞ்சு குடுத்தேன். கீழ்செட்டு எங்க?"

"பாகம் பிரிச்சதுல அது எங்கண்ணன் பங்குக்குப் போயிருச்சு."

"அவருக்காவது சரியா இருக்கா?"

"அவருக்கென்ன, முப்பத்திரண்டு பல்லும் கல்லு மாதிரி இருக்கு. ஆனாலும் பங்குன்னா பங்குதான்னு பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு."