பாலத்தில் கேட்ட தட்டல்

“அந்தக் குழந்தைதான் தட்டுது தம்பி,” என்றாள் பிரேமலதா.

பிச்சமுத்து துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தான். மன்னார்புரத்தில் ஒர்க்‌ஷாப் போட்ட நாளிலிருந்து வண்டிக்கு எத்தனையோ நோய் சொல்லக் கேட்டிருக்கிறான். இப்படி ஒருத்தரும் சொன்னதில்லை.

“எந்தக் குழந்தைம்மா?”

“என் பேரப்பிள்ளை. போன வருஷம் எங்க பொண்ணு கனிஷ்காவுக்கு ஏழாம் மாசம். திடீர்னு வலி. ஸ்ரீரங்கத்துலேர்ந்து தென்னூர் ஆஸ்பத்திரிக்கு இதே கார்லதான் கிளம்பினோம். காவிரிப் பாலத்துல வண்டி நகரல. பின்சீட்லயே எல்லாம் முடிஞ்சு போச்சு.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இப்ப மறுபடியும் நிறைமாசம். இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா. கார் பாலத்துல ஏறினாலே முன்னாடிலேர்ந்து டொக்கு டொக்குன்னு தட்டுது. அதோட இழுவையும் போயிடுது. பாலம் தாண்டினா சத்தம் கப்புனு நின்னுடுது. என்னை இங்க விட்டுட்டுப் போறீங்களேன்னு அது கேக்குது தம்பி.”

“ஆரம்பிச்சுட்டியா?” என்றார் அவள் கணவர் தர்மராஜ். பொன்மலையில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “ரயில் எஞ்சினையே பிரிச்சு மாட்டினவன் நான். இரும்புக்கு ஆவியும் கிடையாது, ஆண்டவனும் கிடையாது. இவளை விட்டா காருக்கு வேப்பிலை அடிக்கச் சொல்லுவா. நீங்க வேலையைப் பாருங்க தம்பி.”

பிச்சமுத்து ஸ்கேனரை மாட்டினான். நாக் சென்சார் கோளாறு என்று காட்டியது.

“அப்படின்னா?”

“அது எஞ்சினோட காதும்மா. உள்ள பெட்ரோல் தாறுமாறா எரிஞ்சா தட்டுற சத்தம் வரும். காது அதைக் கேட்டு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் உடனே எஞ்சினை அடக்கிடும். அதான் இழுக்க மாட்டேங்குது.”

“கேட்டுக்கிட்டியா? காதுதான். பேய் இல்லை,” என்றார் தர்மராஜ் மனைவியிடம்.

“காதுல விழுதுல்ல? அப்ப யாரோ தட்டுறாங்கன்னுதானே அர்த்தம்?”

தர்மராஜ் தலையில் அடித்துக்கொண்டார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டுக்குள் பொழுது சாயும் முன்பே இருட்டு.

பிச்சமுத்து எஞ்சினை அணைத்துவிட்டு, பானெட்டைத் தூக்கி நிறுத்தி, சென்சார் ஒயரில் மீட்டரைச் சேர்த்தான். பக்கத்தில் ஸ்பேனரால் லேசாகத் தட்டினால் எண் துள்ள வேண்டும். ஸ்பேனரை எடுக்கக் குனிந்தபோது அவன் முட்டி பம்பரில் இடித்தது. கார் மெல்ல ஆடி நின்றது.

டொக்.

மீட்டரில் எண் துள்ளியது.

டொக்.

எஞ்சின் ஓடவில்லை. அவனும் இன்னும் தட்டவில்லை.

“கேட்டீங்களா?” பிரேமலதாவின் குரல் காற்றாகத்தான் வந்தது.

பிச்சமுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். சென்சார் இருப்பது எஞ்சினுக்குப் பின்புற இடுக்கில். பார்க்க முடியாது, கையை விட்டுத் தடவத்தான் முடியும். விட்டான். பிசுபிசுத்த துணி தட்டுப்பட்டது. உள்ளே உருண்டையாக, இறுக்கமாக ஏதோ ஒன்று. பிஞ்சுக் கை ஒன்று மூடிக்கொண்டிருக்கிற மாதிரி.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். மனதைத் திடப்படுத்திக்கொண்டு மறுபடி விட்டு, தொங்கிய கம்பியை நறுக்கி வெளியே எடுத்தான்.

கறுப்புத் துணி முடிச்சு. அவிழ்த்தால், ஒரு குதிரை லாடம். கல்லாகக் காய்ந்துபோன எலுமிச்சம்பழம். குங்குமம்.

“செய்வினை!” பிரேமலதா அலறியேவிட்டாள். “எங்க வீட்டு வேலைக்கு வர்ற ராசாத்திதான்! வாசல் தெளிக்கிறேன்னு தினம் கார்கிட்டயே நிப்பா. அவ பொண்ணு வயித்துல ஒண்ணும் தங்கல. என் பொண்ணுக்கும் தங்கக் கூடாதுன்னு வச்சிருக்கா!”

“லதா, நிதானமா...” என்று இழுத்தார் தர்மராஜ்.

அதற்குள் போன் போட்டுவிட்டாள்.

“ஏண்டி, நாளையிலேர்ந்து என் வீட்டு வாசப்படி மிதிக்காதே!”

“அக்கா, நான் என்னக்கா பண்ணேன்? பாப்பாவுக்குப் பிரசவ மருந்துக்கு இப்பதான்க்கா சுக்கு இடிச்சிட்டிருக்கேன்...”

பிரேமலதா போனை அணைத்தாள். தர்மராஜ் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதைக் கட்டியிருந்த கம்பி தளர்ந்து தொங்கியிருக்கு சார்,” என்றான் பிச்சமுத்து. “பாலத்துல இணைப்புக்கு இணைப்பு கார் குதிக்கும்ல? அப்ப லாடம் போய் மோதியிருக்கு. காது அதை எஞ்சின் தட்டல்னு நம்பிடுச்சு. மோதி மோதி சென்சார்லயும் விரிசல்.”

புது சென்சாரைப் பொருத்தி அளவாக முறுக்கினான். ஸ்பேனரால் தட்டினான், எண் துள்ளியது. காரைப் பிடித்து உலுக்கினான், எண் அசையவில்லை.

“இனி தைரியமா பொண்ணைக் கூட்டிட்டுப் போகலாம்மா.”

பிரேமலதா காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தி, கண்ணை மூடிக் கும்பிட்டாள். திறந்திருந்த பானெட் அவளை மறைத்தது.

பிச்சமுத்து முடிச்சைக் குறடால் தூக்கி நீட்டினான். “போற வழியில ஆத்துல போட்டுடுங்க சார்.”

தர்மராஜ் அதை வெறுங்கையால் வாங்கினார். சிந்திய குங்குமத்தைக் கூட்டி எடுத்து, துணியைப் பழையபடி மடித்து முடிந்தார்.

“கோயில் வாசல்ல மந்திரிச்சு வாங்கினது தம்பி. இந்தத் தடவையாவது பொண்ணு நல்லபடியா பெத்துப் பிழைக்கணும்னு நான்தான் கட்டினேன்.”

“அப்ப அந்த ராசாத்திம்மா?”

தர்மராஜ் பானெட்டுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“மெதுவா பேசுங்க தம்பி,” என்றார். “சத்தம் வராத இடமா பாத்து, மறுபடியும் கட்டிடுங்க.”